தேவனாம்பட்டணத்தை வாங்கிய வமிசம்

விருத்தாசலத்துப் பழமலைநாதர் ஆலயத்தைக் கருங்கல்லால் எடுப்பித்த புண்ணியம் செம்பியன் மாதேவியாரைச் சேர்ந்தது. பத்தாம் நூற்றாண்டில் விளங்கிய அந்தச் சோழப் பேரரசியாரைக் குறிக்கும் சாசனங்கள் அவருடைய பெயரை மட்டும் சொல்லி நின்றுவிடுவதில்லை. மழவர் குலத்துத் திருமகளார், கண்டராதித்த தேவரின் தேவியார், உத்தம சோழரைப் பெற்ற தாயார் என்று பிறந்த குலத்தையும், புகுந்த குலத்தையும், பெற்ற மகனையும் சேர்த்தே கூறுகின்றன. ஆகவே வமிசாவளி எழுதும் கலையை மேனாட்டார் வந்து நமக்குக் கற்பிக்கவேண்டியிருக்கவில்லை. ஆனால் யாருடைய வமிசத்தை எழுதுவது, யாருடையதை விடுவது என்ற கேள்வி அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது.

இக்கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு, ஓர் ஆங்கிலக் குடியேற்றக் குடும்பத்தின் வமிசாவளியை நேயர்கள் முன் விரித்துக் காட்ட எண்ணுகிறோம். அந்நிய நாட்டுக் குடும்பத்தின் கதை நமக்கு எதற்கு என்று யாரும் வினவலாம். விருத்தாசலத்தைத் தழுவி ஓடும் மணிமுத்தாறு வெள்ளாற்றிலே கலக்கிறது. வெள்ளாறு பறங்கிப்பேட்டையருகே கடலில் விழுகிறது. அங்கிருந்து கரையோரமாக வடக்கே சென்றால் கடலூரும், அதனை அடுத்துத் தேவனாம்பட்டணமும் வந்துவிடுகின்றன. அத் தேவனாம்பட்டணத்துக் கோட்டையை விலைக்கு வாங்கியவர் இக் குடும்பத்திலே தோன்றியவர். ஆதலால் இது நம் வீட்டு வாசலில் நடந்த கதையே ஆகும்.

வேல்ஸ் நாட்டிலிருந்து நியூ ஹேவன் வரை

இங்கிலாந்தின் மேற்கே வேல்ஸ் என்னும் சிறு நாடு உள்ளது. அதன் வடபகுதியில் ‘யால்’ என்று ஒரு வட்டாரம் உண்டு. அவ்வட்டாரத்தின் பெயரே குடும்பப் பெயராகி, ஆங்கிலேயர் வாயில் ‘யேல்’ என்றாயிற்று. இக் குடும்பத்துத் தாமஸ் யேல் என்பவர் 1619-ல் காலமானார். அவருடைய விதவை ஆன், செஸ்டர் நகரத்து பிஷப்பாக இருந்த ஜார்ஜ் லாயிடின் மகள். அவ்வம்மை தியோபிலஸ் ஈட்டன் என்னும் பெருவணிகரை மறுமணம் செய்துகொண்டாள்.

1637-ல் ஈட்டன் குடும்பத்தார் ‘ஹெக்டர்’ என்ற கப்பலில் அட்லாண்டிக் மகாசமுத்திரத்தைக் கடந்து அமெரிக்கா சேர்ந்தனர். மறு ஆண்டு நியூ ஹேவன் என்ற குடியேற்றத்தை நிறுவினர். ஈட்டன் அதன் கவர்னரானார். ஆன் அம்மைக்கு முதற் கணவரிடம் பிறந்த பிள்ளைகளும் உடன் சென்றிருந்தனர். மகள் ஆன், பின்னர் கனெக்டிகட் குடியேற்றத்தின் கவர்னரான எட்வர்ட் ஹாப்கின்ஸை மணந்தாள். மகன் தாமஸ் நியூ ஹேவனிலேயே நிலைத்துவிட்டார். அமெரிக்காவிலுள்ள யேல் குடும்பத்தார் அவர் வழி வந்தவர்கள். நம் வீட்டுக் கதவுகளில் ஒரு காலத்தில் கௌரவச் சின்னமாக விளங்கிய யேல் பூட்டைச் சந்தைக்குக் கொணர்ந்த லைனஸ் யேலும் அந்தக் கிளையினரே.

மற்றொரு மகன் டேவிட் பாஸ்டன் நகரில் குடியேறி, உர்சுலா நைட் என்பவளை மணந்தார். அவர்களுக்கு 1649-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ந் தேதி பிறந்த பிள்ளையே எலிஹு யேல். குழந்தைக்கு மூன்று வயதானபோது குடும்பம் இங்கிலாந்துக்குத் திரும்பிற்று. எலிஹு தம் வாழ்நாளில் பின்னர் ஒருபொழுதும் தாம் பிறந்த மண்ணை மிதிக்கவில்லை.

சென்னையை ஆண்ட பாஸ்டன்காரர்

கிழக்கிந்தியக் கும்பினியில் கீழ்ப்படி எழுத்தராகச் சேர்ந்து 1672-ல் எலிஹு யேல் சென்னைப்பட்டணத்துக் கரையில் இறங்கினார். பதினைந்து ஆண்டுகளில் படிப்படியாக ஏறி, 1687 ஜூலையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குக் கவர்னரானார். ஐந்தாண்டுகள் ஆண்டார். அவருடைய ஆட்சியிலேதான் சென்னை நகரசபை 1688-ல் தோன்றிற்று. அதன் முதல் மேயர் நதானியேல் ஹிக்கின்ஸன். 1692-ல் யேலை விலக்கியபோது கவர்னர் பதவிக்கு வந்தவரும் அவரே.

ஹிக்கின்ஸனும் அமெரிக்கக் குடியேற்றத்திலே பிறந்தவர் என்பது வியப்பான செய்தி. நியூ ஹேவனுக்கு அருகேயுள்ள கில்போர்ட் என்ற ஊரில் 1652-ல் பிறந்து, ஹார்வர்ட் கல்லூரியில் 1670-ல் பட்டம் பெற்றவர். அவருடைய பாட்டனார் பிரான்ஸிஸ் ஹிக்கின்ஸன் 1629-ல் சேலம் என்ற ஊருக்குச் சென்ற பாதிரியார். இந்தச் சேலம் அமெரிக்காவில் உள்ளது. நம் சேலம் அன்று! புதுவுலகத்துக்குக் குடியேறிய இரண்டு குடும்பங்களின் பிள்ளைகள் ஒருவர்பின் ஒருவராகத் தமிழ்நாட்டுக் கடற்கரையில் அதிகாரம் செலுத்தினர். அமெரிக்காவும் சென்னையும் அக்காலத்து ஆங்கிலேயருக்கு ஒரே சந்தையின் இரண்டு கடைகளாகவே தோன்றியிருக்க வேண்டும்.

பீரங்கி அளந்த எல்லை

தென்னார்க்காட்டுக் கரையோடு யேலுக்கு இருந்த தொடர்பு பழையது. 1681-லேயே அவர் இப்பக்கம் வந்து, செஞ்சியை ஆண்ட மராட்டிய அதிகாரிகளோடு வியாபாரத் தலம் பெறுவதுபற்றிப் பேசியவர். கவர்னரான பின்பு 1690-ல், சிவாஜி மகாராஜாவின் புதல்வரும் அப்போது செஞ்சிக் கோட்டையில் இருந்தவருமான ராஜாராமிடமிருந்து தேவனாம்பட்டணத்துக் கோட்டையைக் கும்பினிக்காக வாங்கினார்.

கோட்டையோடு சேரவேண்டிய நிலம் எவ்வளவு? சங்கிலி பிடித்து அளக்கவில்லை, பீரங்கியால் அளந்தார்கள். கோட்டையிலிருந்து சுட்ட குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவும் கும்பினிக்குச் சொந்தம் என்பது ஒப்பந்தம். ஆகவே நெடுந்தூரம் சுடக்கூடிய பீரங்கியொன்றைத் தேர்ந்து, 1690 செப்டம்பரில் பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு எல்லைக்குட்பட்ட ஊர்களெல்லாம் ‘குண்டு கிராமங்கள்’ என்று பெயர் பெற்றன. உழுதுண்டு வாழ்ந்த குடியானவர் ஒருவர், தலைக்குமேல் ஓர் ஓசை கேட்டு நிமிர்ந்து பார்த்து மறுபடி குனிவதற்குள் அவருடைய அரசர் மாறிவிட்டார்!

கோட்டைக்கு யேல் சூட்டிய பெயர் ‘செயின்ட் டேவிட்’. வேல்ஸ் நாட்டாருக்குக் காவல் துறவி அவர். யேலின் தந்தை பெயரும் டேவிட்; இரண்டாண்டுகளுக்கு முன் சென்னையில் அவர் பறிகொடுத்த ஒரே ஆண் குழந்தையின் பெயரும் டேவிட்.

இந்தக் கோட்டை பின்னர் நம் தேசத்தின் தலைவிதியை எழுதிய இடங்களில் ஒன்றாயிற்று. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் பிடித்துக்கொண்டபோது, கும்பினியின் தலைமை இங்கே வந்தது. 1752 வரை இங்கேயே இருந்தது. 1751-ல் ஆங்கிலேயர் விருத்தாசலத்து ஆலயத்தையே அரணாக்கிக் காவல் வைத்திருந்தனர். அவ்வாண்டு பிகாட், கிளைவ் என்னும் இருவர் திருச்சிக்குச் செல்லும் சேனையை விருத்தாசலம் வரை நடத்திவந்து அனுப்பிவிட்டு, சில சிப்பாய்களோடு தேவனாம்பட்டணம் திரும்பினர். வழியில் பாளையக்காரரின் ஆட்கள் வளைத்துக்கொண்டனர். சிப்பாய்கள் பலர் மாண்டனர். துரைகள் இருவரும் குதிரைகளைத் தட்டிவிட்டுத் தப்பினர். தப்பிய இருவரில் ஒருவர் சென்னைக்குக் கவர்னரானார். மற்றவர் வங்காளத்தை விழுங்கினார். மாண்ட சிப்பாய்களின் பெயர்களை நாம் படிக்கும் சரித்திரப் புத்தகங்கள் சொல்வதில்லை. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தரைமட்டமாக்கினான்.

ஒரு சிறுவனின் கல்லறை

இனி யேலின் குடும்பத்துக்குத் திரும்புவோம். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் கட்டப்பட்ட செயின்ட் மேரி ஆலயம் 1680 அக்டோபரில் பிரதிஷ்டையாயிற்று. மறு வாரமே, நவம்பர் 4-ந் தேதி, அங்கே முதல் கல்யாணம் நடந்தது. மணமகன் எலிஹு யேல். மணமகள் காதரின், அவ்வாண்டிலேயே காலமான ஜோஸப் ஹின்மர்ஸ் என்ற கும்பினி உத்தியோகஸ்தரின் விதவை. இத் தம்பதிக்குக் காதரின், ஆன், உர்சுலா என்று மூன்று பெண்களும், டேவிட் என்று ஓர் ஆணும் பிறந்தனர். டேவிட் 1688 ஜனவரியில் நான்கு வயதுப் பாலகனாக இறந்தான். தாயின் முதற் கணவரை அடக்கம் செய்திருந்த இடத்திலேயே அவனையும் அடக்கம் செய்தனர்.

அந்தக் கல்லறையின் மேல் எழுப்பிய கூர்நுனிக் கோபுரம் சென்னையில் முன்பு சட்டக் கல்லூரி இருந்த வளாகத்தில் நிற்கிறது. முன்னாளில் அவ்விடம் ஆங்கிலேயரின் இடுகாடு. லாலியின் முற்றுகையின்போது பிரெஞ்சுப் படையினர் அங்கிருந்த கல்லறைகளின் பின்னே பதுங்கியதால், முற்றுகை நீங்கியபின் ஆங்கிலேயரே இடுகாட்டைச் சமன் செய்துவிட்டனர். கல்லறைப் பலகைகளைச் செயின்ட் மேரி ஆலயத்தைச் சுற்றிலும் பாவினர். யேலின் மகனுக்குரிய கோபுரத்தைத் தொடவில்லை. அது பாதுகாக்கப்பட்ட புராதனச் சின்னமாகவும் ஆயிற்று. அதை வேறிடத்துக்கு மாற்றவேண்டுமா என்ற வழக்கு எழுந்து, 2023-ல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் மாற்றும்படி ஆணையிட்டார். நான்கு வயதுக் குழந்தையொன்றின் சமாதிக்காக முந்நூற்று முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் நீதிமன்றத்தில் வாதம் நடந்ததென்றால், ஏட்டிலும் கல்லிலும் பெயர் ஏறுவதன் வலிமை எத்தகையது என்பதை நேயர்கள் உணரலாம்.

ஆற்றில் இட்டுக் குளத்தில் எடுத்தது

மனைவி காதரின் 1689-ல் பெண்களுடன் சீமைக்குப் போய்விட்டாள். யேல், வைர வியாபாரியான போர்ச்சுகீசிய யூதர் ஒருவரின் விதவை ஹிரோனிமா டி பைவாவோடு வாழ்ந்தார். அவர்களுக்குச் சார்ல்ஸ் என்றொரு மகன் பிறந்தான். அத்தாயும் மகனும் ஆப்பிரிக்காவின் தென்கோடியில், நன்னம்பிக்கை முனையில் காலமாயினர். குடும்பத்தின் வமிசாவளி இக்கிளையை வெகுகாலம் ஓரத்திலேயே ஒதுக்கிவைத்தது.

தம் சொந்த வியாபாரத்தைக் கும்பினியின் காரியத்தோடு கலந்துவிட்டார் என்ற குற்றச்சாட்டுகள் யேல்மீது குவிந்தன. பதவி போன பின்பும் ஏழாண்டுகள் சென்னையிலே இருந்து, 1699-ல் பெருஞ் செல்வத்தோடு லண்டன் சேர்ந்தார். மூத்த பெண்கள் இருவரையும் பிரபுக் குடும்பங்களில் கொடுத்தார். ஆன் டெவன்ஷயர் கோமகனின் மகனை மணந்தாள். ஆயினும் ‘யேல்’ என்னும் பெயரைத் தாங்க ஆண் சந்ததி இல்லை. ஆதலால் கனெக்டிகட்டில் தம் சிற்றப்பா தாமஸின் வழியில் பிறந்த டேவிட் என்னும் இளைஞனை, வாரிசாக்கும் நோக்கத்தோடு வரவழைத்தார்.

இச்செய்தி அமெரிக்கக் குடியேற்றத்தாரின் காதில் விழுந்தது. அங்கே 1701-ல் தொடங்கிய ஒரு கல்லூரி பணமின்றித் தவித்துக்கொண்டிருந்தது. காட்டன் மாதர் என்ற பாதிரியார் 1718-ல் யேலுக்குக் கடிதம் எழுதினார். கல்லூரிக்கு உம் பெயரைச் சூட்டுவோமானால், மக்கள் வழி நிலைக்கும் பெயரைக் காட்டிலும் அது மேலானது என்பது அதன் கருத்து. மகனை இழந்த தந்தையின் மனத்தில் எந்த நரம்பைத் தொடவேண்டுமென்று பாதிரியார் அறிந்திருந்தார். யேல் 417 புத்தகங்களையும், அரசரின் படமொன்றையும், ஒன்பது மூட்டைச் சரக்குகளையும் அனுப்பினார். மூட்டைகளில் இருந்தவை பெரும்பாலும் துணிகள். அவற்றை விற்று 562 பவுன் 12 ஷில்லிங் பெற்றனர். அப்பணத்தில் எழுந்த கட்டடத்துக்கும், பின்னர் கல்லூரிக்கும் யேல் என்ற பெயர் நிலைத்தது. அதுவே இன்று உலகப் பிரசித்தி பெற்ற யேல் பல்கலைக்கழகம்.

சுந்தரமூர்த்தி நாயனார் விருத்தாசலத்திலே பெற்ற பொன்னை மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்த வரலாற்றை நேயர்கள் அறிவார்கள். ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது என்று நாம் வழங்குவது அதிலிருந்து வந்ததே. சோழமண்டலக் கரையில் சேர்த்த செல்வம் நியூ ஹேவனில் கல்லூரியாக எழுந்ததும் அவ்வகைதான். வேற்றுமை ஒன்றே: சுந்தரர் தம் பொன்னைத் தாமே எடுத்தார், இங்கே இட்டவர்கள் வேறு, எடுத்தவர்கள் வேறு.

வமிசாவளியில் இடம்பெறாதவர்கள்

இட்டவர்கள் யாவர்? நெய்தவர், சாயமிட்டவர், தரகு செய்தவர் என்று பலர். அவர்களுள்ளும் மிகவும் நிர்ப்பாக்கியமான ஒரு கூட்டம் உண்டு. 1680-களின் பிற்பகுதியில் இக்கரையில் கொடிய பஞ்சம் தலைவிரித்தாடியது. பசியால் வாடியவர்கள் தம்மையும் தம் மக்களையும் விற்றனர், பிள்ளைபிடிப்போரும் பெருகினர். யேல் அங்கத்தினராயிருந்த கோட்டை ஆலோசனைச் சபை, ஐரோப்பாவுக்குச் செல்லும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றும்படி உத்தரவிட்டது. 1687-ல் ஒரே மாதத்தில் 665 பேருக்குக் குறையாமல் சென்னையிலிருந்து கப்பலேறினர் என்று கோட்டைப் பதிவேடுகளை ஆராய்ந்தோர் கணக்கிட்டிருக்கின்றனர். 1688 மேயில் சபை இவ்வியாபாரத்தைத் தடுத்ததும் உண்மையே. கோல்கொண்டாவை வென்று புதிதாக அதிகாரத்துக்கு வந்திருந்த மொகலாயரின் அதிருப்தி அதற்கு முக்கிய காரணம்.

சிறுவன் டேவிட் இறந்ததும் இந்தக் காலத்திலேயே. அவனுக்குக் கல்லறையும் கோபுரமும் உண்டு. 1908-ல் ராட்னி ஹோரஸ் யேல் என்பவர் வெளியிட்ட பெரிய வமிசாவளி நூலில் இக்குடும்பத்தின் கிளை, கொப்பு, தளிரெல்லாம் அடங்கியிருக்கின்றன. அந்த 665 பேரில் எத்தனை தாய்மார், எத்தனை டேவிடின் வயதுக் குழந்தைகள்? கணக்கேட்டில் எண் இருக்கிறது, பெயர்கள் இல்லை.

யேல் முதுமையில் பிரபுக்களோடு அமர்ந்திருக்கும் ஒரு சித்திரம் பல்கலைக்கழகத்தில் உள்ளது. அதன் ஓரத்தில், கழுத்தில் உலோகப் பட்டை பூட்டிய கறுப்புச் சிறுவன் ஒருவன் நிற்கிறான். 2020-ல் அச்சித்திரத்தைச் சுவரிலிருந்து இறக்கி, அவன் யாரென்று ஆராய்ந்தனர். வயது பத்து அளவில் இருக்கலாம் என்று கண்டார்களேயன்றிப் பெயரைக் கண்டறிய முடியவில்லை. அடிமைத்தனத்தோடு தனக்கிருந்த தொடர்புக்காக அப்பல்கலைக்கழகம் 2024 பிப்ரவரியில் பகிரங்கமாக மன்னிப்புக் கோரிற்று. காலந் தாழ்ந்ததாயினும் அது மரியாதையான செயல் என்றே கருதுகிறோம்.

முன்னோர் செய்த பாவம் ரத்தத்தில் தொடரும் என்று நாம் சொல்ல வரவில்லை. ஹிக்கின்ஸன் குடும்பத்தையே பாருங்கள். அதே பிரான்ஸிஸ் பாதிரியாரின் வழித்தோன்றலான தாமஸ் வென்ட்வர்த் ஹிக்கின்ஸன் அடிமை முறையை ஒழிக்கப் போராடியவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில், விடுதலை பெற்ற கறுப்பு மக்கள் அடங்கிய படைக்குத் தலைமை தாங்கியவர். வமிசாவளியின் பயன் குலப்பெருமை பேசுவதும் அன்று, பழிதீர்ப்பதும் அன்று. நடந்ததை நடந்தபடி அறிவதே அதன் பயன்.

பழவேற்காட்டுக் காதரினா

பெயரற்றோரை எப்படித் தேடுவது என்று மலைக்கவேண்டியதில்லை. ஓர் உதாரணம் கூறுவோம். சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காடு டச்சுக்காரரின் துறைமுகமாயிருந்தது. அங்கிருந்து அடிமையாகச் சென்ற ஒரு பெண்ணை டச்சுக்காரர் ‘பழவேற்காட்டுக் காதரினா’ என்று எழுதினர். தகப்பன் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஊர்ப் பெயர்! பட்டேவியாவில் கொலைக் குற்றத்துக்காகத் தண்டனை பெற்று, 1657-ல் நன்னம்பிக்கை முனைக்கு நாடுகடத்தப்பட்டாள். அங்கே அவளுக்குக் கிறிஸ்டோபல் என்றொரு மகன் பிறந்தான். தென்னாப்பிரிக்காவில் ‘ஸ்னைமன்’ என்று பெயர் பூண்ட பெருங்குடும்பம் அவன் வழியில் வந்தது. வெள்ளையரென்று தம்மைக் கருதிவந்த அக்குடும்பத்தார் பலர், தங்கள் ஆதித்தாய் நம் கரையைச் சேர்ந்தவள் என்பதைப் பழைய ஏடுகளைப் புரட்டியே அறிந்தனர். அடிமையாய்ப் போனவளுக்கும் வமிசாவளி எழுத முடியும் என்பதற்கு இது சான்று.

நம்மிடமும் ஏடுகள் இருக்கின்றன. செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் நாட்குறிப்புகள் பல அச்சேறியிருக்கின்றன. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய பதிவுகள் நிறைந்திருக்கின்றன. அவற்றைப் பெரும்பாலும் அந்நியரே படித்தனர். முதல் நகரசபையில் அமர்ந்த சின்ன வெங்கடாத்திரி, முத்து வீரண்ணா, அழகாத்த பிள்ளை முதலியோரின் பெயர்கள் அவற்றில் ஆங்கிலேயர் நாவுக்கேற்ப உருமாறிக் கிடக்கின்றன. அவற்றைப் படித்து இன்னார் இன்னாரென்று அடையாளங் காணத் தமிழ்க் காதே வேண்டும். அதை வெளிநாட்டு ஆராய்ச்சியாளரிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது.

வீடுகளிலும் செய்யத்தக்க காரியம் உண்டு. பாட்டனுக்குப் பாட்டன் பெயரை அறிந்தவர் நம்மில் எத்தனை பேர்? சிராத்தத்தின்போது மூன்று தலைமுறையின் பெயரைச் சொல்வதோடு பலருக்குக் கணக்கு முடிந்துவிடுகிறது. பாட்டிமார் பெயரோ அதற்குமுன்னே மறந்துபோகிறது. எந்த ஊரிலிருந்து வந்தோம், எந்தப் பஞ்சத்தில் புறப்பட்டோம், யார் கப்பலேறினார்கள், யார் திரும்பவில்லை என்பதை வீட்டு முதியோரிடம் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்துவைக்கப் பெருஞ்செலவு ஆகாது. விருத்தாசலத்து வீடொன்றில் இன்று எழுதும் நான்கு வரி, நாளை மொரீஷியஸிலோ நேட்டாலிலோ தன் ஊரைத் தேடும் ஒருவனுக்கு வழிகாட்டலாம்.

எலிஹு யேல் 1721 ஜூலை 8-ந் தேதி உயில் எழுதாமலே காலமானார். வேல்ஸிலுள்ள ரெக்ஸம் ஆலயத்து முற்றத்தில் அவருடைய சமாதி இருக்கிறது. அதன் கல்லில், அவர் பிறந்தும் வளர்ந்தும் பயணஞ் செய்தும் மணந்தும் தொடர்பு கொண்ட கண்டங்கள் நான்கையும் பெயர்சொல்லிப் பொறித்திருக்கிறார்கள். அக்கல்லில் ஆசியாவுக்கு உரிய செய்தி அவர் அங்கே மணந்ததும், நெடுங்காலம் வாழ்ந்து செழித்ததும்தான். மற்றச் செய்திகளை எழுதும் கடமை ஆசியாவில் இருக்கும் நம்முடையது.